டாகெரோடைப் முகங்கள்: இவற்றில் கலைஞன் செய்தது என்ன?

கண்ணாடிமுகம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் ஒரு கண்காட்சியில் அசல் டாகெரோடைப் படங்களை, அதாவது வெள்ளி பூசிய தகட்டில் நேரடியாகப் பதிக்கப்பட்ட தொடக்ககாலப் புகைப்படங்களை, முதன்முறையாக நேரில் பார்த்தேன். அதுவரை புத்தகங்களிலும் கணினித் திரையிலும் மட்டுமே அவற்றைப் பார்த்திருந்ததால், அவை பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் என்பதற்கு மேல் எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு தோல் பெட்டி திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு நேரே நின்றபோது என் முகமும் எனக்குப் பின்னால் இருந்த விளக்கும்தான் தெரிந்தன. சற்று விலகி நின்றதும் என் முகம் மறைந்து, கழுத்தில் பின்னல் பட்டை அணிந்த ஓர் இளம்பெண்ணின் முகம் மேலெழுந்து வந்தது. இன்னும் அரை அடி நகர்ந்தேன். அதே பெண், வெளுத்த கூந்தலும் கறுத்த கன்னமுமாக, நெகட்டிவாக மாறிவிட்டாள். அவளுடைய கன்னத்தில் மட்டும் இளஞ்சிவப்பு பூசப்பட்டிருந்தது. விரல் மோதிரத்தில் ஒரு பொட்டுப் பொன்.

வீடு திரும்பிய பிறகும் மூன்று கேள்விகள் என்னை விடவில்லை. முதலாவது, அந்தப் படத்தை எடுத்தவர் எதையும் வரையவில்லை; ஒளியும் இரசாயனமும்தான் வரைந்தன. அப்படியிருக்க, அவரைக் கலைஞர் என்று அழைப்பதற்கு என்ன நியாயம்? இரண்டாவது, அங்கிருந்த எல்லா முகங்களும் இறுக்கமாகவே இருந்தன. நீண்ட நேரம் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால்தான் யாரும் சிரிக்கவில்லை என்று வழக்கமாகச் சொல்கிறார்களே, அது உண்மையா? மூன்றாவது சிறிய கேள்வி: பக்கத்துப் படத்தில் இருந்த ஆணின் கோட்டுப் பொத்தான்கள் தவறான பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியது. நான் சரியாகத்தான் பார்த்தேனா?

இருட்டறை:

இந்த முறையில் நான் ஆறு ஆண்டுகளாகப் படம் எடுத்துப் பழகி வருவதால், உங்கள் முதல் கேள்விக்கு வேலை செய்கிறவனின் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். எல்லாம் தானாக வரைந்துகொள்கிறது என்னும் எண்ணம் 1839-லேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு ஜனவரி 7 அன்று பாரிஸின் அறிவியல் கழகத்தில் விஞ்ஞானி அராகோ, டாகேர் என்பவரின் இந்தக் கண்டுபிடிப்பை அறிவித்தார். ஆகஸ்ட் 19 அன்று செய்முறை முழுவதும் வெளியிடப்பட்டது. டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க், அவருடைய கூட்டாளியாக இருந்து மறைந்துவிட்ட நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்க் என ஓய்வூதியம் கொடுத்துவிட்டு, பிரெஞ்சு அரசு செய்முறையை எல்லோருக்கும் பொதுவாக்கியது. (இங்கிலாந்தில் மட்டும் முன்கூட்டியே காப்புரிமை வாங்கிவிட்டார்கள் என்பது வேறு கதை.) புத்தகத்தைப் படித்தால் யாரும் செய்துவிடலாம் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் அப்படித்தான் நம்பி இறங்கினேன்.

தாமிரத் தகட்டின் மேல் மெல்லிய வெள்ளிப் படலம் இருக்கும். அதைக் கறுப்புக் கண்ணாடி போல ஆகும்வரை மெருகேற்ற வேண்டும். நாள் முழுக்கச் செய்யும் வேலையில் பெரும்பகுதி இதுதான். மெருகுப் பட்டையின் கடைசி இழுப்புகள் எந்தத் திசையில் போகின்றன என்பது கூட முக்கியம். படத்தை நிமிர்த்திப் பிடித்தால் அந்த நுண்கோடுகள் படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். நெடுக்குவாட்டில் இருந்தால், பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறி, முகத்தின் மேல் ஒரு சாம்பல் திரை விழுந்துவிடும். அடுத்ததாக, தகட்டை அயோடின் ஆவியின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். வெள்ளியின் நிறம் வைக்கோல் மஞ்சளாகி, ரோஜா நிறமாகி, பிறகு நீலத்துக்குப் போகும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதைக் கடிகாரம் சொல்லாது. அறையின் வெப்பமும் ஈரமும் அன்றாடம் மாறுவதால், மங்கலான வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளின் பிரதிபலிப்பைத் தகட்டில் பார்த்துக் கண்ணால்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேமராவிலிருந்து எடுக்கும்போது தகட்டில் ஒன்றுமே தெரியாது. அந்நாளில் அதைச் சூடான பாதரச ஆவியில் காட்டி உருவத்தை வெளிக்கொணர்ந்தார்கள். அந்த ஆவி நஞ்சு என்பதால், எட்மண்ட் பெக்கெரெல் 1840-இல் கண்டறிந்த வழியில், பாதரசம் இல்லாமல் சிவப்பு ஒளியின் கீழ் வைத்தே நான் உருவத்தை வரவழைக்கிறேன். பிறகு, ஒளி படாமல் எஞ்சிய பூச்சை நீக்கும் ஹைப்போ என்னும் உப்புக் கரைசலில் கழுவி நிலைப்படுத்த வேண்டும். அதற்கும் பின்னால் வருவதுதான் என் அனுபவத்தில் மிகவும் பயங்கரமான கட்டம். பொன் கரைசலைத் தகட்டின் மேல் விளிம்புவரை தேங்கும்படி ஊற்றி, அடியில் சுடரைக் காட்ட வேண்டும். பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ 1840-இல் சேர்த்த இந்தக் கட்டம் இல்லாவிட்டால், உருவம் வெறும் தூசி போலத் தகட்டில் ஒட்டியிருக்கும்; விரல் பட்டாலே போய்விடும். சூடு ஏற ஏற முகம் சாம்பலிலிருந்து வெதுவெதுப்பான நிறத்துக்கு மாறும். சில விநாடிகள் கூடுதலாக விட்டால் வெள்ளி கொப்புளித்து உரிந்துவிடும்.

என் நண்பர் ஒருவர் நல்ல வெயிலில் ஒன்றரை நிமிடம் கண்கலங்க உட்கார்ந்து கொடுத்த படம், அதுவரை நான் எடுத்தவற்றில் மிகச் சிறந்ததாக வந்தது. பொன்னேற்றமும் நன்றாகவே முடிந்தது. கடைசியாக நீரில் அலசி உலர்த்தும்போது ஒரு நொடி கவனம் தப்பியது. நீர் வடிந்த தடம் நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு வெண்கோடாக உறைந்துவிட்டது. அதற்கு நெகட்டிவ் கிடையாது, இரண்டாம் படி கிடையாது. நண்பர் மீண்டும் உட்கார மறுத்துவிட்டார்.

ஆகவே, ஒளி வரைந்தது என்பது உண்மைதான். ஆனால், அது எதன் மேல் வரைய வேண்டுமோ அந்தப் பரப்பை ஒவ்வொரு முறையும் ஒருவர் கையால் உருவாக்கினார். ஒரே செய்முறையைப் பின்பற்றிய இருவரின் தகடுகளைப் பக்கத்தில் வைத்தால், கையெழுத்தைப் போலவே வேறுபாடு தெரியும்.

சாய்வெளிச்சம்:

இருட்டறை சொன்னது எல்லாம் சரியே. எனினும், அது கைத்திறனுக்கான சான்று. கலைக்கான சான்றாக அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். நன்றாக மெருகேற்றிய தகட்டில் உயிரில்லாத முகங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. உங்கள் முதல் இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் இந்த முறை மனிதர்களுக்கானதாகவே இல்லை. டாகேர் 1838-இல் பாரிஸின் புல்வார் து தாம்ப்ல் தெருவை எடுத்த படத்தில், வண்டிகளும் நடமாட்டமும் நிறைந்த தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் சிறு நிழலாகப் பதிந்திருக்கிறார். தகடு பல நிமிடங்கள் திறந்திருந்ததால் மற்றவர்கள் எல்லோரும் கரைந்துபோனார்கள். அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் ராபர்ட் கொர்னீலியஸ் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம் இன்றும் இருக்கிறது. கலைந்த தலைமுடி, மார்பின் குறுக்கே மடித்த கைகள், சட்டத்தின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கிய உடல். கேமராவுக்குப் பின்னால் நின்று சரிபார்க்க ஆளில்லாததால் நேர்ந்த அந்த ஒதுக்கம், பிற்காலத்துச் சீரான படங்கள் பலவற்றைவிட அவரை உயிரோடு காட்டுகிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும். நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் தம் முதல் சோதனைகளில், வெளிச்சம் கூடுதலாகத் தெறிக்கட்டும் என்று முகத்தில் மாவு பூசியே பார்த்தார்.

இந்த நிலையை இரண்டு மாற்றங்கள் திருப்பிப்போட்டன. வியன்னாவில் யோசெப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வடிவமைத்த லென்ஸ் 1840-இல் வந்தது. முந்தைய லென்ஸைவிடப் பத்து மடங்குக்கும் மேலான ஒளியை அது உள்ளே விட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், அயோடினோடு புரோமின் ஆவியையும் சேர்த்தால் தகட்டின் உணர்திறன் பலமடங்கு கூடும் என்று தெரியவந்தது. இரண்டும் சேர்ந்ததில் நிமிடங்கள் விநாடிகளாயின. 1840-களின் நடுப்பகுதியில், நல்ல மேற்கூரை வெளிச்சத்தில் சில விநாடிகளிலிருந்து அரை நிமிடத்துக்குள் படம் முடிந்துவிடும்.

எனவே, சிரிக்காததற்கு நேரத்தை மட்டும் காரணம் சொல்வது பாதி உண்மைதான். பத்து விநாடி புன்னகையைப் பிடித்து வைக்க முடியாதா என்றால், முடியும். புன்னகைக்கும் டாகெரோடைப் முகங்கள் அரிதாகவேனும் இருக்கின்றன. ஆனால், அந்தப் பத்தாவது விநாடியில் புன்னகை முகத்தில் இருக்கும், கண்ணில் இருக்காது. அதற்கும் மேலாக, படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் மனத்தில் வைத்திருந்த முன்மாதிரி வண்ண ஓவிய உருவப்படம். அதில் பல் தெரியச் சிரிப்பவர் குடிகாரராகவோ கோமாளியாகவோ இருப்பார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை தம் உருவத்தை விட்டுச்செல்லப் போகிறவர், அப்படி நினைவுகொள்ளப்பட விரும்புவாரா?

கலைஞனின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. தலைக்குப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கி இருக்கும். அதில் தலையைச் சாய்த்ததும் எந்த மனிதரும் விறைத்துப்போவார். அந்த விறைப்பு தளரும்வரை பேச்சுக்கொடுத்து, முகம் தன் இயல்புக்குத் திரும்பும் கணத்தில் லென்ஸ் மூடியை எடுக்கத் தெரிய வேண்டும். அத்தோடு தகட்டின் குணமும் மனத்தில் இருக்க வேண்டும். தகட்டுக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும்; சிவப்பும் மஞ்சளும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. நீலக் கண்கள் வெளிறிப்போகும், முகத்துப் பழுப்புப் புள்ளிகள் கரும்புள்ளிகளாகும், சிவந்த முகம் உண்மையைவிடக் கறுத்து வரும். வெள்ளைச் சட்டை அளவுக்கு மீறி ஒளி வாங்கிக்கொண்டு நீலம் பாரித்துவிடும். முகம் போதிய அளவு பதிவதற்குள் சட்டை கெட்டுப்போகாமல் இருக்க, எந்தப் பக்கம் திரையை இழுப்பது, எங்கே நிழலைத் தருவது என்பதை அவர் தம் தலைக்குள்ளேயே மொழிபெயர்த்தாக வேண்டும்.

இதை யார் உண்மையிலேயே செய்தார்கள் என்று கேட்டால், நான் பாஸ்டனின் சவுத்வொர்த்தையும் ஹாஸையும்தான் காட்டுவேன். 1843 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கூட்டாக நடந்த அந்த ஸ்டூடியோவில் ஹாஸ் முன்பு ஓவியராக இருந்தவர். மற்றவர்கள் சிறு தகடுகளில் வியாபாரம் செய்தபோது, அவர்கள் எட்டரை அங்குலத்துக்கு ஆறரை அங்குலம் என்னும் முழுத் தகட்டில் துணிந்து வேலை செய்தார்கள். மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவெல் ஷாவை அவர்கள் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். நல்ல ஸ்டூடியோக்காரர் எவரும் தவிர்க்கக்கூடிய கடுமையான வெளிச்சம் தலைக்கு மேலிருந்து கொட்டுகிறது. கண்கள் குழியில் கிடக்கின்றன. நெற்றியும் கன்னச் சதையும் பாறை போல் புடைத்து நிற்கின்றன. அழகுபடுத்தும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. அந்த மனிதரின் பருமனும் பிடிவாதமும் நேரடியாக நம் மேல் வந்து விழுகின்றன. வாடிக்கையாளருக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று தயங்காமல் அந்த வெளிச்சத்தைத் தேர்ந்தெடுத்ததை எந்த இரசாயனமும் செய்திருக்க முடியாது.

பழம்பெட்டி:

பொத்தான்களைப் பற்றிய மூன்றாவது கேள்வியை இருவருமே விட்டுவிட்டார்கள். நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். லென்ஸ் வழியே விழும் உருவம் நேராகத் தகட்டிலேயே நிலைபெறுவதால், இடமும் வலமும் மாறியே இருக்கும். கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பழகியவருக்கு அது சரியான முகமாகவே தெரிந்திருக்கும். லென்ஸுக்கு முன்னால் ஒரு முப்பட்டகத்தையோ கண்ணாடியையோ பொருத்தி இதைத் திருத்த முடிந்தது. அதனால் ஒளி குறைந்து நேரம் கூடும் என்பதால் உருவப்படங்களில் பெரும்பாலும் அந்தத் தொல்லையை ஏற்கவில்லை. நியூயார்க்கில் 1840-இல் ஸ்டூடியோ திறந்த அலெக்சாண்டர் வால்காட் லென்ஸுக்குப் பதிலாகக் குழியாடியைப் பயன்படுத்தியதால், அவருடைய சிறிய படங்களில் மட்டும் இடவலம் சரியாக இருக்கும். இதே இடவல மாற்றம் பின்னால் வந்த இரும்புத் தகட்டுப் படங்களிலும் உண்டு. பில்லி த கிட் என்னும் கொள்ளைக்காரர் இடக்கைக்காரர் என்று பல ஆண்டுகள் நிலவிய நம்பிக்கை, அப்படியொரு படத்தைத் திருப்பிப் பார்க்கத் தவறியதால் வந்ததுதான். திருமண மோதிரம், முடிவகிடு, பொத்தான் ஆகியவற்றை வைத்து முடிவுக்கு வரும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முகம் தெரிந்து மறைந்ததற்கும் காரணம் எளியதே. படத்தின் வெளிச்சமான பகுதிகள் வெள்ளியும் பாதரசமும் கலந்த மிக நுண்ணிய துகள்கள். அவை ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். நிழலான பகுதிகளோ வெறும் வெள்ளிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் இருட்டான பொருள் ஒன்று பிரதிபலித்தால் நிழல் நிழலாகத் தெரியும். வெளிச்சமான பொருள் பிரதிபலித்தால் எல்லாம் தலைகீழாகி நெகட்டிவாகிவிடும். அடுத்த முறை கறுப்பு ஆடை அணிந்து போய்ப் பாருங்கள், உங்கள் மார்பே திரையாக உதவும். சந்தையில் டாகெரோடைப் என்ற பெயரில் விற்கப்படும், கண்ணாடிச் சில்லில் எடுத்த படங்களையும் இரும்புத் தகட்டுப் படங்களையும் பிரித்தறியவும் இப்படி முகம் பிரதிபலிக்கும் தன்மைதான் நம்பகமான சோதனை.

கலை பற்றிய விவாதத்தில் ஒரு சிறிய மறுப்பைப் பதிவு செய்கிறேன். லண்டனில் 1841 மார்ச் 23 அன்று ரிச்சர்ட் பியர்டு திறந்த ஸ்டூடியோ, காப்புரிமையைக் காசு கொடுத்து வாங்கிய ஒரு வணிகரின் முதலீடு. அமெரிக்காவில் 1850-களில் 25 சென்டுக்கு முகத்தைப் பதித்துக் கொடுத்த கடைகளில் ஒருவர் மெருகேற்றுவார், ஒருவர் ஆவி காட்டுவார், மூன்றாமவர் மூடியைத் திறப்பார். நான் சேகரித்திருக்கும் படங்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. எடுத்தவர் பெயர் கிடையாது, தனித்த பார்வையும் கிடையாது. ஆனாலும், அவற்றில் சில என்னைத் தூங்கவிடாதவை. சாய்வெளிச்சம் அவர்கள் காட்டும் பெரிய பெயர்களுக்கு வெளியிலும் ஏதோ நடந்திருக்கிறது. உட்கார்ந்தவரும் அந்தப் படத்துக்குப் பாதி உழைத்தார் என்பது என் அனுமானம். கையை எங்கே வைப்பது, எந்த நூலை மடியில் பிடிப்பது, கேமராவை நேரே பார்ப்பதா விலகிப் பார்ப்பதா என்று முடிவெடுத்தவர் அவராகவும் இருந்திருக்கலாம்.

நீங்கள் பார்த்த கன்னச் சிவப்பும் மோதிரப் பொன்னும் படம் முடிந்த பிறகு சேர்க்கப்பட்டவை. உலர்ந்த வண்ணப் பொடியை மெல்லிய தூரிகை நுனியால் வைத்து, மூச்சை ஊதி அந்த ஈரத்தில் படியவைப்பார்கள். சிறிது பிசகினால் கன்னம் கோமாளியின் கன்னமாகிவிடும். தலைத்தாங்கியைப் பற்றி ஒரு கட்டுக்கதையும் உலவுகிறது: இறந்தவர்களை நிற்கவைத்துப் படமெடுக்க அது பயன்பட்டது என்பார்கள். அசைவைத் தடுக்கும் அந்தக் கம்பி ஓர் உடலின் எடையைத் தாங்காது. இறந்த குழந்தைகளையும் பெரியவர்களையும் எடுத்த படங்கள் உண்மையிலேயே உண்டு. அவற்றில் அவர்கள் பெரும்பாலும் உறங்குவது போலப் படுக்கையில் கிடப்பார்கள்.

யாரிடமாவது இப்படியொரு பெட்டி இருந்தால் தயவுசெய்து தகட்டை வெளியே எடுக்காதீர்கள், துடைக்காதீர்கள். நான் தொடக்க காலத்தில் வாங்கிய ஒரு தகட்டின் ஓரத்தில் கருமை படர்ந்திருந்தது. அதை மட்டும் பஞ்சால் ஒற்றினேன். கருமை அப்படியே இருக்கிறது. ஒரு முதியவரின் காது இப்போது இல்லை.

கண்ணாடிமுகம்:

மூவருக்கும் மிக்க நன்றி. உங்கள் பதில்களைப் படித்துவிட்டு நேற்று கறுப்புச் சட்டையுடன் மறுபடியும் சென்றேன், ஒரு சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது என்றாலும், இருட்டறை சொன்ன படுக்கைக் கோடுகள் பின்புலத்தில் ஓரிடத்தில் தெரிந்தன. இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தப் பெண்ணின் கழுத்துப் பட்டையில் இருக்கும் பின்னல் ஒவ்வொரு இழையும் எண்ணும் அளவுக்குத் துல்லியமாக இருக்கிறது. ஆனால், அதற்குச் சற்றுக் கீழே மார்பின் மேல் தொங்கும் சங்கிலி மட்டும் இரட்டைக் கோடாகக் கலங்கியிருக்கிறது. இது லென்ஸின் குறையா?

இருட்டறை:

பெட்ஸ்வால் லென்ஸ் நடுவில் கூர்மையாகவும் ஓரத்துக்குப் போகப் போக மென்மையாகவும் வரையும். முகம் தெளிந்து தோள்கள் கரைவது அதனால்தான். ஆனால், அது தரும் கலக்கம் நாலாபக்கமும் பரவியிருக்கும், இரண்டு கோடாகப் பிரியாது. கழுத்து தாங்கியில் ஊன்றியிருந்ததால் பட்டை அசையவில்லை. சங்கிலி கிடந்த இடம் அசைந்திருக்கிறது. மூச்சை இழுத்த நிலையில் ஒரு கோடு, விட்ட நிலையில் ஒரு கோடு. மூடி திறந்திருந்த நேரத்தில் அவள் மூச்சு விட்டிருக்கிறாள்.